மைசூரு எக்ஸ்பிரஸ்: இன்ஜினீயரிங் கல்லூரியிலிருந்து இந்திய அணிக்கு

1989–90 ரஞ்சிப் பருவம். ஹைதராபாத்துக்கு எதிரான ஆட்டத்தில் கர்நாடக அணி ஒரு புதுப் பையனைக் களமிறக்கியது. வயது இருபது. ஆறடியைத் தாண்டிய உயரம், ஒல்லியான உடம்பு, மைசூரில் இன்ஜினீயரிங் படிப்பு. முதல் இன்னிங்ஸிலேயே அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று பேரை வெளியேற்றினார். இரண்டாவது இன்னிங்ஸில் மறுபடியும் அடுத்தடுத்த பந்துகளில் இரண்டு விக்கெட். முதல்தர ஆட்டத்தில் அறிமுகமான அன்றே ஹாட்ரிக் எடுப்பவர்கள் உலகத்திலேயே கொஞ்சம் பேர்தான். அந்தப் பருவம் முடிந்தபோது ஜவகல் ஸ்ரீநாத்தின் கணக்கு, 6 ஆட்டங்களில் 25 விக்கெட்.

அதே பருவத்தில், அதே ஹைதராபாத் அணிக்கு எதிராகத்தான் இன்னொரு கர்நாடக இன்ஜினீயரிங் மாணவரும் அறிமுகமானார். நான்கு விக்கெட் எடுத்தார்; மட்டை பிடித்த இரண்டு முறையும் ரன் எடுக்காமல் திரும்பினார். அவர் அனில் கும்ப்ளே. ஒருவர் மைசூரு, மற்றவர் பெங்களூரு. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்தியப் பந்துவீச்சின் பெரும்பாரத்தை இந்த இரண்டு பேர்தான் சுமந்தார்கள்.

கல்லூரி மைதானத்திலிருந்து தொழில்முறை விளையாட்டுக்குப் போவது என்றால் அமெரிக்காவில் அதற்கென்று ராஜபாட்டையே உண்டு. அங்கே கல்லூரிக் கால்பந்து தனி உலகம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்கார்ந்து மாணவர்களின் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். அணியை நடத்தும் குவார்ட்டர்பேக் படிக்கும்போதே ஊர் அறிந்த ஆளாகிவிடுகிறார். 1936 முதல் ஆண்டுதோறும் தொழில்முறை அணிகள் வரிசையாக உட்கார்ந்து, கல்லூரி ஆட்டக்காரர்களைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்கின்றன. மிச்சிகனின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை 2000-ஆம் ஆண்டுத் தேர்வில் 199-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். பிறகு அவர் ஏழு சூப்பர் பவுல் பட்டங்களை வென்றார். 199-ஆவது இடம் என்றாலும் அது ஒரு இடம். பட்டியல் என்று ஒன்று இருந்தது, அதில் அவர் பெயரும் இருந்தது.

இந்தியாவில் அப்படி எந்தப் பட்டியலும் கிடையாது. பல்கலைக்கழகங்களுக்கான ரோஹின்டன் பாரியா கோப்பை 1935 முதல் நடக்கிறது. அதில் ஆடி மேலே வந்தவர்கள் நிறைய. ஆனாலும் கல்லூரிக் கிரிக்கெட் மட்டுமே ஒருவரை மாநில அணிவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. கிளப் ஆட்டம் ஆட வேண்டும். அந்த ஆட்டத்தைச் சரியான ஆள் சரியான நாளில் பார்க்க வேண்டும். பெரிய நகரத்தில் இருந்தால் பார்ப்பதற்கு நாலு கண்கள் உண்டு. பெங்களூருவிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி இருப்பவனுக்கு அதுவும் இல்லை. மைசூரு ஆட்டக்காரர்களின் கதைகளில் இந்தத் தூரம் தொடர்ந்து வரும்.

ஸ்ரீநாத்தின் விஷயத்தில் அந்தக் கண் குண்டப்பா விஸ்வநாத்துடையது. பத்ராவதியிலிருந்து வந்து உலகத்தையே மயக்கிய மட்டையாளர், அப்போது கர்நாடக அணியின் தேர்வாளர். ஒரு கிளப் ஆட்டத்தில் இந்த நெட்டைப் பையன் வீசுவதைப் பார்த்தார். மாநில அணிக்கு இழுத்துவந்தார். தானும் சிற்றூரிலிருந்து வந்தவர் என்பதால் பெங்களூருவுக்கு வெளியிலும் தேட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். படிப்பா, பந்தா என்ற கேள்வி மைசூருவுக்குப் புதிதல்ல.

1946-இல் தொடங்கிய தேசியப் பொறியியல் கல்லூரி மைசூருவின் பழைய இன்ஜினீயரிங் கல்லூரி. 1960-களின் தொடக்கத்தில் அங்கே படித்தவர் எரபள்ளி பிரசன்னா, பெங்களூருவில் பிறந்தவர். 1962 ஜனவரியில் இங்கிலாந்துக்கு எதிராக, நம் சென்னையில்தான் முதல் டெஸ்ட் ஆடினார். உடனே மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பயணம். கிரிபித்தின் பந்து தலையில் பட்டு கேப்டன் நாரி கான்ட்ராக்டர் உயிருக்குப் போராடிய அதே பயணம்தான். அதிலிருந்து திரும்பி வந்த பிரசன்னா அடுத்த டெஸ்டை ஆடியது எப்போது தெரியுமா? 1967 ஜனவரியில், அதுவும் சென்னையில்தான். நடுவில் ஐந்து ஆண்டுகள் டெஸ்ட் கிரிக்கெட்டே இல்லை. இன்ஜினீயரிங் பட்டத்தை முடித்துவிட்டு வந்தார்.

இருபத்திரண்டு வயதில் இந்தியத் தொப்பி தலையில் இருக்கும்போது பரீட்சைக்காக விலகுவது சாதாரண முடிவு இல்லை. டெஸ்ட் ஆடினால் வாழ்நாள் முழுக்கச் சோறு போடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் யாருக்கும் கிடையாது. ஆட்டக்காரர்கள் வங்கியிலோ ரயில்வேயிலோ கம்பெனியிலோ வேலை பார்த்துக்கொண்டே ஆடினார்கள். நடுத்தரக் குடும்பத்தில் பட்டம் என்பது காப்பீடு. அந்தக் காப்பீட்டுக்காக இந்தியா தன் மிகச் சிறந்த ஆஃப் ஸ்பின்னரின் ஐந்து ஆண்டுகளை இழந்தது.

திரும்பி வந்த பிரசன்னா இழந்ததை வேகவேகமாக ஈடுகட்டினார். 1967–68 பயணத்தில் ஆஸ்திரேலியாவில் 25 விக்கெட், அங்கிருந்து போன நியூசிலாந்தில் 24. அந்த நியூசிலாந்துத் தொடரை 3–1 என்று ஜெயித்ததுதான் வெளிநாட்டு மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. தமது 20-ஆவது டெஸ்டிலேயே நூறாவது விக்கெட். இந்தியர்களில் அதைவிட வேகமாக நூறைத் தொட இன்னொரு இன்ஜினீயர் வர வேண்டியிருந்தது. சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின் 2013-இல் தமது 18-ஆவது டெஸ்டில் அந்த எண்ணை எட்டினார். 1973 நவம்பரில் மைசூர் மாநிலம் கர்நாடகம் என்று பெயர் மாறியது. அந்தப் பருவத்திலேயே பிரசன்னாவின் தலைமையில் அணி ரஞ்சிக் கோப்பையை வென்றது, பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையைக் கையில் வைத்திருந்த பம்பாயை அரையிறுதியில் சாய்த்துவிட்டு. மொத்தத்தில் 49 டெஸ்ட், 189 விக்கெட். அந்த ஐந்து ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் எங்கே போய் நின்றிருப்பார் என்ற ஏக்கம் அவருடைய காலத்து ரசிகர்களுக்குக் கடைசிவரை இருந்தது.

இப்போது ஸ்ரீநாத்.

1969 ஆகஸ்ட் 31 அன்று மைசூருவில் பிறந்தார். பெயருக்கு முன்னால் நிற்கும் ஜவகல், ஹாசன் மாவட்டத்தில் இருக்கும் குடும்பத்துப் பூர்வீக ஊர். ஹொய்சளர் காலத்து லட்சுமி நரசிம்மர் கோயில் உள்ள ஊர். பள்ளிப்படிப்பு மைசூருவின் மரிமல்லப்பா பள்ளியில். கல்லூரி, சுத்தூர் மடத்தின் ஜே.எஸ்.எஸ். கல்வி அமைப்பு 1963-இல் தொடங்கிய ஸ்ரீ ஜயச்சாமராஜேந்திரா பொறியியல் கல்லூரி. ஊர்க்காரர்களுக்கு அது எஸ்.ஜே.சி.இ. பாடம், இன்ஸ்ட்ருமென்டேஷன். கல்லூரி இருப்பது மானசகங்கோத்ரியில். மைசூர் பல்கலைக்கழகத்தின் மரங்கள் அடர்ந்த வளாகமும் கங்கோத்ரி கிளேட்ஸ் கிரிக்கெட் மைதானமும் அதே வட்டாரத்தில்தான்.

பிரசன்னா போல அவர் நடுவில் காணாமல் போகவில்லை. பட்டத்தையும் பெற்றார், பந்தையும் விடவில்லை. காலமும் மாறியிருந்தது. 1983 உலகக் கோப்பைக்குப் பிறகு, கிரிக்கெட் ஆடுகிறேன் என்று ஒரு பையன் வீட்டில் சொன்னால் அப்பா உடனே கையை ஓங்குவதில்லை. அத்துடன், வேகமாக வீசுகிறவனுக்கு என்று நாட்டில் ஒரு பள்ளிக்கூடம் வந்திருந்தது. 1987-இல் சென்னை சேத்துப்பட்டில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து மையம் தொடங்கியது. தலைமைப் பயிற்சியாளர் ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி, உடன் நம் டி.ஏ.சேகர். அங்கே பயின்றவர்களில் ஸ்ரீநாத்தும் ஒருவர். ஸ்பின்னர்களின் தேசத்தில் வேகப்பந்தைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்த முதல் இடம் அது. அந்த வகையில் மைசூருவின் இந்தப் பையனுக்குச் சென்னையும் ஒரு வாத்தியார்.

1991 அக்டோபரில் ஷார்ஜாவில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் ஒருநாள் போட்டி. அடுத்த மாதமே பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 59 ரன்னுக்கு 3 விக்கெட். தொடர் முழுவதும் எடுத்தது 10 விக்கெட், ஒவ்வொன்றுக்கும் ஐம்பது ரன்னுக்கு மேல் கொடுத்தார். காகிதத்தில் பார்த்தால் சுமாரான கணக்குத்தான். ஆனால் இந்தியப் பந்துவீச்சாளர் ஒருவர் உண்மையாகவே வேகமாக வீசுகிறார் என்பதை ஆஸ்திரேலிய மட்டையாளர்கள் கண்டுகொண்டது அந்தக் கோடையில்தான். 1992–93-இல் தென்னாப்பிரிக்கா போனபோது கட்டுப்பாடும் சேர்ந்திருந்தது. 12 விக்கெட், சராசரி 26 சொச்சம்.

அதன் பிறகு நடந்ததை இன்று திரும்பிப் பார்த்தாலும் மனசு ஆறாது. முதல் டெஸ்ட் ஆடி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், ஸ்ரீநாத் சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. வெளிநாடு என்றால் பெட்டியைக் கட்டு. உள்நாடு என்றால் பெஞ்சில் உட்கார். அசாருதீன் தலைமையும் அஜித் வடேகரின் நிர்வாகமும் வகுத்த வியூகம் அது. பிட்ச் சுழலும், கும்ப்ளே, ராஜேஷ் சௌஹான், வெங்கடபதி ராஜு மூவரும் சுழற்றுவார்கள், புதுப் பந்தின் பளபளப்பைப் போக்கக் கபில்தேவும் மனோஜ் பிரபாகரும் போதும். 1993-இல் இங்கிலாந்தை 3–0 என்று துடைத்தெறிந்த வியூகம், யாரும் குறை சொல்ல முடியவில்லை. கபில்தேவ் ரிச்சர்ட் ஹாட்லியின் 431 விக்கெட் உலக சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார். 1994 பிப்ரவரியில் அகமதாபாத்தில் 432-ஐத் தொட்டபோது நாடே கொண்டாடியது. கொண்டாட வேண்டிய சாதனைதான். ஆனால் நாட்டின் வேகமான பந்துவீச்சாளர், இருபத்திரண்டு வயதிலிருந்து இருபத்தைந்து வரை, உடம்பு முறுக்கேறி நிற்கும் காலத்தில், உள்நாட்டு டெஸ்ட்களை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

1994 நவம்பரில் மும்பையில் மேற்கிந்தியத் தீவுகள். அதுதான் சொந்த நாட்டில் ஸ்ரீநாத்தின் முதல் டெஸ்ட். புதுப் பந்தில் அந்த அணியைச் சிதைத்தார். மட்டையிலும் 60 ரன் எடுத்தார். இந்தியா 96 ரன் வித்தியாசத்தில் வென்றது. மூன்று ஆண்டுகள் காக்க வைத்ததற்கு அணி நிர்வாகத்திடம் என்ன பதில் இருந்திருக்க முடியும்?

அடுத்த ஆண்டு கோடையில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷைர் கவுண்டி அவரை அழைத்தது. அந்த அணியின் வழக்கமான வேகப்பந்து நாயகன் கோர்ட்னி வால்ஷ், மேற்கிந்திய அணியோடு சுற்றுப்பயணத்தில் இருந்தார். அவர் இடத்தை நிரப்ப வேண்டும். கவுண்டி கிரிக்கெட் என்பது தினக்கூலிபோல உடம்பை வாங்கும் வேலை. நாலு நாள் ஆட்டம், பேருந்துப் பயணம், ஒருநாள் ஆட்டம், மறுபடியும் நாலு நாள் ஆட்டம். ஸ்ரீநாத் அந்தப் பருவத்தில் 87 விக்கெட் எடுத்தார், சராசரி 19 சொச்சம். கிளமார்கனுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 76 ரன்னுக்கு 9 விக்கெட். கல்லூரிப் பையன் முழுத் தொழில்காரராக மாறிய இடம் எது என்று கேட்டால், இந்தக் கவுண்டிக் கோடையைத்தான் காட்ட வேண்டும்.

அவர் பந்து வீசும் விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நீண்ட, சீரான ஓட்டம். கடைசி அடியில் உடம்பு நிமிர்ந்து எழும். வலது கை காதை உரசிக்கொண்டு நேர் மேலிருந்து இறங்கும். விரல்கள் தையலைப் பிடித்திருக்கும். உயரமும் நிமிர்ந்த கையும் சேர்ந்ததால், மட்டையாளர் முழங்கால் உயரம் என்று எதிர்பார்த்த பந்து இடுப்புக்கு வரும். அவருடைய இயல்பான பந்து உள்ளே வருவது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பிறந்து, வலக்கை மட்டையாளரின் கால் காப்பைத் தேடி வரும். எல்.பி.டபிள்யூ. அல்லது போல்டு. ஆரம்ப காலத்தில் அது ஒன்றுதான் அவரிடம் இருந்தது, நல்ல மட்டையாளர்கள் அதற்குத் தயாராக நின்றார்கள். நீளத்தையும் குறைத்து வீசுகிறார் என்ற விமர்சனம் இருந்துகொண்டே இருந்தது. போகப்போக, அதே கையசைவில் வெளியே போகும் லெக் கட்டரையும் மெதுவான பந்தையும் சேர்த்துக்கொண்டார். வேகம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அடுத்த பந்து எந்தப் பக்கம் போகும் என்ற குழப்பம் மட்டையாளரைப் பிடித்தது.

எல்லாம் ஒன்றுசேர்ந்த நாள் 1996 நவம்பரில் அகமதாபாத்தில் வந்தது. எதிரில் தென்னாப்பிரிக்கா. மொடேரா பிட்ச் வெடித்துக் கிடந்தது. பந்து சில நேரம் தாழ்ந்து ஓடியது. முதன்முதலாக டெஸ்ட் ஆடிய வி.வி.எஸ்.லக்ஷ்மண் இரண்டாவது இன்னிங்ஸில் அடித்த அரைசதத்தின் தயவில் இந்தியா 190 எடுத்தது. ஜெயிக்கத் தென்னாப்பிரிக்காவுக்குத் தேவை வெறும் 170. கும்ப்ளேயும் ஹிர்வானியும் சுழற்றுவார்கள், அவர்களைத் தாண்டினால் போதும் என்பது கணக்கு. கணக்கைப் புதுப் பந்திலேயே கிழித்துப் போட்டார் ஸ்ரீநாத். ஹட்சன் ரன் எடுக்காமல் போனார், கல்லினன் ரன் எடுக்காமல் போனார். ஹான்சி குரோன்யே ஒருவர் மட்டும் ஒரு முனையில் நின்று 48 ரன்னோடு ஆட்டமிழக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, மறுமுனை காலியானது. மொத்தம் 105. ஸ்ரீநாத்துக்கு 21 ரன்னுக்கு 6 விக்கெட். சுழற்பந்துக்கென்றே தயாரான இந்தியப் பிட்சில், நான்காவது இன்னிங்ஸில், ஒரு வேகப்பந்து வீச்சாளர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார். மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்கார வைத்த தத்துவத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு எதுவும் இல்லை.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் பெங்களூருவில் இன்னொரு கதை நடந்திருந்தது. டைட்டன் கோப்பை, ஆஸ்திரேலியாவின் 215-ஐத் துரத்தும் இந்தியா. 88 எடுத்திருந்த டெண்டுல்கர் வெளியேறியபோது எட்டு விக்கெட் போய்விட்டது. இன்னும் 52 ரன் வேண்டும். ஜனங்கள் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்கள். களத்தில் நின்றவர்கள் ஸ்ரீநாத்தும் கும்ப்ளேயும். இரண்டு கர்நாடக இன்ஜினீயர்கள், சொந்த மைதானம், கூட்டத்தில் கும்ப்ளேயின் அம்மாவும் பாட்டியும். ஸ்ரீநாத் 30, கும்ப்ளே 16, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. இந்தியா ஜெயித்தது. சின்னசாமி அரங்கில் அன்று கடைசிவரை உட்கார்ந்திருந்தவர்கள் அதை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

உடம்பு தன் கணக்கைக் கேட்டது 1997-இல். பந்து வீசும் வலது தோள்பட்டையின் தசைநாண் கிழிந்தது. மேற்கிந்தியப் பயணம் போயிற்று. அறுவை சிகிச்சை, மாதக்கணக்கில் ஓய்வு. மீண்டு வந்தவர் பழைய வேகத்தை எல்லா நாளும் தொடவில்லை என்றாலும், முன்பைவிடத் தேர்ந்த பந்துவீச்சாளராக வந்தார்.

1999 பிப்ரவரி 7, டெல்லி பெரோஸ் ஷா கோட்லா. பாகிஸ்தானுக்கு எதிராகக் கும்ப்ளே ஒன்பது விக்கெட் எடுத்துவிட்டார். பத்தாவதும் கிடைத்தால் ஜிம் லேக்கருக்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது ஆள். நடுவில் ஒரு ஓவர் ஸ்ரீநாத் வீசியாக வேண்டும். வாழ்நாள் முழுக்க விக்கெட் எடுப்பதையே வேலையாகக் கொண்டவர், அந்த ஓவரில் விக்கெட் விழுந்துவிடக்கூடாது என்று வீசினார். ஸ்டம்பிலிருந்து வெகு தூரம் தள்ளி, நடுவர் கைகளை விரித்து வைடு காட்டும் அளவுக்கு. அடுத்த ஓவரில் வாசிம் அக்ரம் லக்ஷ்மண் கையில் சிக்கினார். 74 ரன்னுக்கு 10 விக்கெட். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரே பருவத்தில் மாநில அணிக்குள் நுழைந்த நண்பனுக்காக ஸ்ரீநாத் வீசிய அந்த ஓவர் எந்தச் சாதனைப் பட்டியலிலும் இல்லை.

பத்தே நாளில் கொல்கத்தா. ஈடன் கார்டன் அவருக்குப் புதிய இடம் இல்லை. 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் இலங்கையின் ஜயசூர்யாவையும் களுவிதாரணவையும் முதல் ஓவரிலேயே அவர் அனுப்பிவைத்த மைதானம் அது. அந்த ஆட்டம் தோல்வியிலும் கலவரத்திலும் முடிந்தது. இப்போது ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப். முதல் நாள் காலையில் பாகிஸ்தான் 26 ரன்னுக்கு 6 விக்கெட். ஸ்ரீநாத்தும் வெங்கடேஷ் பிரசாத்தும் அப்படி வீசினார்கள். மொயின் கான் தாங்கிப் பிடித்து 185-க்குக் கொண்டுபோனார். இரண்டாவது இன்னிங்ஸில் சயீத் அன்வர் கடைசிவரை நின்று 188 எடுக்க, மறுமுனையில் ஸ்ரீநாத் 86 ரன்னுக்கு 8 விக்கெட் சாய்த்தார். ஆட்டம் முழுவதும் சேர்த்து 132 ரன்னுக்கு 13 விக்கெட். டெண்டுல்கர் ரன் அவுட்டானதும் கூட்டம் கொந்தளித்தது, அரங்கைக் காலி செய்தார்கள், ஆள் இல்லாத மைதானத்தில் இந்தியா 46 ரன்னில் தோற்றது. பதின்மூன்று விக்கெட் எடுத்தவர் தோற்ற அணியில் இருந்தார். அவருடைய ஆட்ட வாழ்க்கையில் இப்படித் தனியாக உழைத்துக் கைக்கு எட்டாமல் போன ஆட்டங்கள் அதிகம். மறுமுனையில் நிலையான துணை கிடைக்காததே காரணம். பிரசாத் சில ஆண்டுகள் நன்றாகத் துணை நின்றார். மற்றபடி யார் யாரோ வந்தார்கள், போனார்கள்.

2002-இல் டெஸ்ட் போதும் என்று அறிவித்தார். கேப்டன் சௌரவ் கங்குலி விடவில்லை. வற்புறுத்தித் திரும்ப அழைத்தார். 2003 உலகக் கோப்பையில் ஜாகீர் கான், ஆஷிஷ் நெஹ்ரா என்ற இரண்டு இளைஞர்களோடு முப்பத்து மூன்று வயது ஸ்ரீநாத். வாழ்நாள் முழுக்கத் தேடிய துணை கடைசி ஆறு வாரங்களில் ஜோடியாகவே கிடைத்தது. ஜோகன்னஸ்பர்க்கில் இலங்கையை 109-க்குச் சுருட்டிய நாளில் அவருக்கு 4 விக்கெட். தொடரில் மொத்தம் 16. இறுதிப்போட்டியில் பான்டிங்கும் மார்ட்டினும் அடித்து நொறுக்கினார்கள். 10 ஓவரில் 87 ரன், விக்கெட் இல்லை. அதுவே அவர் ஆடிய கடைசிச் சர்வதேச ஆட்டம். ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழித்துத்தான் ஐ.பி.எல். வந்தது.

2006-இல் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சிலின் ஆட்ட நடுவர் குழுவில் சேர்ந்தார். அன்று முதல் உலகம் முழுவதும் அந்தப் பணியில் இருக்கிறார். 2010-இல் கும்ப்ளே கர்நாடகக் கிரிக்கெட் சங்கத் தலைவரானபோது ஸ்ரீநாத் செயலாளரானார். அதே ஆண்டு ஜனவரியில், அவர் படித்த கல்லூரியின் பக்கத்தில், கங்கோத்ரி கிளேட்ஸில், ரஞ்சி இறுதிப்போட்டி நடந்தது. மும்பைக்கு எதிராக 338-ஐத் துரத்திய கர்நாடகம் மனீஷ் பாண்டேயின் 144-ஐ நம்பி நெருங்கி வந்து, 6 ரன்னில் தோற்றது. இடம் கிடைக்காதவர்கள் மரத்தில் ஏறிப் பார்த்தார்கள். மைசூருவுக்குக் கிரிக்கெட் என்றால் என்ன என்பதை அந்தக் கூட்டம் சொன்னது.

இனி தீர்ப்புக்கு வரலாம். 67 டெஸ்டில் 236 விக்கெட், 229 ஒருநாள் ஆட்டத்தில் 315. டெஸ்டில் விக்கெட்டுக்கு 30 ரன் சொச்சம் என்ற சராசரியைக் காட்டி, அவரை வால்ஷ், அக்ரம் வரிசைக்கு ஒரு படி கீழே வைப்பவர்கள் உண்டு. அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சராசரியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேகத்துக்கு உதவாது என்று எல்லோரும் சொன்ன இந்திய ஆடுகளங்களில்தான் ஸ்ரீநாத்தின் சராசரி வெளிநாட்டைவிடச் சிறப்பாக இருக்கிறது. இங்கே அவரால் முடியாது என்று நினைத்துத்தான் மூன்று ஆண்டுகள் உட்கார வைத்தார்கள். அது பெருந்தவறு. பிரசன்னாவின் ஐந்து ஆண்டுகளைப் படிப்பு எடுத்துக்கொண்டது. ஸ்ரீநாத்தின் மூன்று ஆண்டுகளைத் தேர்வாளர்களும் வியூகமும் எடுத்துக்கொண்டார்கள். கபில்தேவ் விட்ட இடத்திலிருந்து ஜாகீர் கான் வந்து சேரும்வரை, ஏறக்குறைய பத்து ஆண்டுகள், இந்திய வேகப்பந்து என்றால் அது பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

உலகக் கோப்பைகளில் அவர் எடுத்த 44 விக்கெட் என்ற இந்தியச் சாதனையை ஜாகீர் கான் 2011-இல் சமன் செய்தார். முகமது ஷமி 2023-இல் தாண்டினார். ஒருநாள் ஆட்டங்களில் அவர் எடுத்த 315-ஐ இன்றுவரை வேறெந்த இந்திய வேகப்பந்து வீச்சாளரும் தொடவில்லை.

அடுத்த வாரம்: இதே மைசூருவில் பிறந்து, போலியோவால் சூம்பிய வலது கையாலேயே உலகத்தைத் திணறடித்த பி.எஸ்.சந்திரசேகர்.

(தொடரும்)